குறைத்தும் குறையாத நிறை

உடல் மெலிவதற்கென்று உண்ணாதிருக்கும் வித்தை எங்கள் முசலிக்குப் புதிது. அருவியாற்றுக்குத் தெற்கே வில்பத்துக் காட்டின் விளிம்புவரை நீண்டு கிடக்கும் இந்தக் கரையில், மாரி மழையை நம்பி விதைத்தும், காற்று இடம் கொடுக்கும் காலங்களில் கடலை நம்பி வலை வீசியும் ஜீவனம் செய்த எங்கள் முன்னோர், கிடைத்தபோது வயிறார உண்டு கிடைக்காதபோது கூழோடு ஒடுங்கிக் கிடந்தவர்களேயன்றி, நிறைந்த கோப்பையின் முன் அமர்ந்து, போதும் என்று தாமாகக் கையை இழுத்துக்கொண்டவர்களல்லர். 1990 ஒக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, இங்கிருந்து போனவர்களிற் பெரும்பாலோர் புத்தளத்து ஓலைக் கொட்டில்களில் நிவாரண அரிசியையும் பருப்பையும் அளந்து அளந்து உலையிலிட்டவர்கள். அவர்களே, யுத்தம் முடிந்தபின் சிலாவத்துறைக்கும் மறிச்சுக்கட்டிக்கும் திரும்பி வந்து, இன்று சலரோகக் கிளினிக் வரிசையில் நின்று, சோற்றைக் குறைக்கும்படி உபதேசம் கேட்டுக்கொண்டு வருகிறார்கள் என்றால், காலத்தின் பரிகாசத்துக்கு வேறு உதாரணம் வேண்டியதில்லை.

என் ராத்தாவின் கணவரான மச்சான் இந்த வரிசையில் நின்றவர்களில் ஒருவர். வைத்தியர் சொன்ன அளவைவிடவும் குறைவாகவே அவர் உண்டார். இராப் போஜனத்தை அறவே விட்டார். விடியற்காலையில் அரிப்பு வீதியில் நடந்தார். முதல் மாதங்களில் எட்டுக் கிலோ மளமளவென்று இறங்கிற்று. அதன்பின் தராசின் முள் ஓரிடத்தில் குத்திட்டு நின்றுவிட்டது. மனிதர் இன்னும் குறைத்தார், முள் அசையவில்லை, அவருடைய கோபம் மட்டும் நாளுக்கு நாள் விருத்தியடைந்தது. இந்த நிலையில் போசணை ஆலோசனை கூறும் ஒருவர், இரண்டு கிழமைக்கு உணவைக் கூட்டும்படியும், நிறை ஏறாமலும் இறங்காமலும் நிற்கும் அளவுக்கு உண்ணும்படியும், அதன்பின் மறுபடி குறைக்கும்படியும் சொன்னதைக் கேட்டு அவர் என்னிடம் வந்து, "கூடத் தின்டு மெலியலாமென்டா, நான் கலியாண வீட்டுலயே குடியிருந்திருப்பேனே மச்சான்!" என்று பொருமினார்.

பரிகாசத்துக்கு உரியதாகத் தோன்றினாலும் அந்த ஆலோசனைக்கு ஆதாரம் உண்டு. இரண்டாம் உலக மகாயுத்தத்தின் இறுதிக்கட்டத்தில், பஞ்சத்தில் அடிபட்ட ஐரோப்பிய ஜனங்களுக்கு எவ்வாறு மீண்டும் உணவூட்டுவது என்று அறியும் பொருட்டு, அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் அன்செல் கீஸ் என்ற விஞ்ஞானி, மனச்சாட்சியின் பேரில் ஆயுதமேந்த மறுத்த 36 வாலிபர்களை, அவர்களுடைய சம்மதத்துடனேயே 24 வாரங்கள் அரைப்பட்டினியில் வைத்துப் பரிசோதித்தார். உருளைக்கிழங்கும் பாணும் மக்கரோனியுமாக அவர்களுக்குக் கிடைத்தது நாளொன்றுக்குச் சுமார் 1,600 கலோரி. முன்பு உண்டதில் ஏறக்குறையப் பாதி. நிறையில் காற்பங்கை இழந்த அந்த வாலிபர்களுடைய இருதயம் மெதுவாகத் துடித்தது. சரீரம் எந்நேரமும் குளிர்ந்தது. எழுந்து நடப்பதற்கே மனம் வரவில்லை. சிலர் சமையற் புத்தகங்களைத் தேடிச் சேகரித்து அவற்றைப் படிப்பதிலேயே ஆறுதல் கண்டார்கள். பஞ்சத்தைக் கண்டஞ்சிய சரீரம், தன் செலவுகளையெல்லாம் ஒவ்வொன்றாகச் சுருக்கிக்கொண்டது. 1950 இல் வெளியான கீஸின் பெருநூல் இரண்டு பாகங்களில் விரித்துரைப்பது இந்தச் சிக்கனத்தைத்தான்.

சரீரத்துக்குப் பஞ்சமும் பத்தியமும் ஒன்றே. அரிசி வராத காரணத்தால் வயிறு காய்கிறதா, அரிசி மூட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே காய்கிறதா என்று அது விசாரிப்பதில்லை. கொழுப்பு குறையக் குறைய, 1994 இல் கண்டுபிடிக்கப்பட்ட லெப்டின் என்னும் சுரப்பு குறைகிறது. அது குறையப் பசி மூளுகிறது, அங்க அசைவுகள் நம்மை அறியாமலே மந்தமாகின்றன. அன்றியும், எட்டுக் கிலோவை இறக்கி வைத்த தேகத்துக்கு, அதைச் சுமந்து நடந்த காலத்தில் வேண்டியிருந்த சக்தி இப்போது வேண்டாமல் போகிறது. ஆகவே நேற்றுப் பற்றாக்குறையாயிருந்த உணவு இன்று போதுமான உணவாகிவிடுகிறது. மச்சான் தராசைத் திட்டிய திட்டில் இந்தக் கணக்குக்கு மட்டும் பங்கில்லை.

என்றாலும், பட்டினி கிடந்தால் சரீரம் கொழுப்பைக் கரைப்பதையே நிறுத்திவிடும் என்று சிலர் பரப்பும் வார்த்தை சரியன்று. மினசோட்டாவின் அந்த வாலிபர்கள் எலும்பும் தோலுமாகும்வரை மெலிந்துகொண்டேதான் போனார்கள். அவர்களுடைய கால்களிலும் முகத்திலும் நீர் கோத்து வீங்கிற்று என்பதும் பதிவாகியிருக்கிறது. கொழுப்பு போன இடத்தை நீர் வந்து மறைக்குமானால் தராசு என்ன செய்யும்? கடும் பத்தியமும் கவலையும் நித்திரைக் குறைவும் சேர்ந்த உடலில் இப்படி நீர் தங்குவதும், உணவும் ஓய்வும் கிடைத்தபின் அது கழிவதும் உண்டு. உணவைக் கூட்டியதால் மெலிந்தேன் என்று சத்தியம் செய்பவர்களிற் பலருக்கு அன்று இறங்கியது இந்த நீராகவே இருக்கக்கூடும் என்பது என் அபிப்பிராயம்.

இடையில் ஓய்வு கொடுத்துக் குறைக்கும் முறையை அவுஸ்திரேலியாவில் 51 பருத்த ஆண்களிடம் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு சாரார் 16 வாரங்கள் தொடர்ச்சியாகக் குறைத்து உண்டார்கள். மறுசாரார் இரண்டு வாரம் குறைத்து, இரண்டு வாரம் நிறை நிற்கும் அளவுக்கு உண்டு, அதே 16 வாரப் பத்தியத்தை 30 வாரங்களில் முடித்தார்கள். பின்னவர்களுக்குச் சராசரி 14 கிலோவும் முன்னவர்களுக்கு 9 கிலோவும் குறைந்தன. ஆயினும், பின்வந்த பரிசோதனைகள் எல்லாவற்றிலும் இத்தகைய வித்தியாசம் கிடைக்கவில்லை. காலமும் ஏறக்குறைய இரு மடங்கு ஆகிறது. எனவே இதை மந்திரம் என்று கொள்ளாமல், பொறுமையுள்ளவர்களுக்கு உகந்த ஒரு வழி என்று கொள்வதே நியாயம்.

ஓய்வின்றி இறைப்பதன் பலனை அறிய எங்கள் ஊரார் அவுஸ்திரேலியாவுக்குப் போகவேண்டியதுமில்லை. அரிப்புக்கும் மறிச்சுக்கட்டிக்கும் எதிரேயுள்ள முத்துப் பார்களில், 1891 இற்குப் பின் பன்னிரண்டு ஆண்டுகள் முத்துக்குளிப்பே நடவாதிருந்து, 1903 இல் மறுபடி தொடங்கி, 1905 இல் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகளை அள்ளினார்கள். அந்தப் பெருக்கைக் கண்டு மயங்கிய ஓர் ஆங்கிலக் கம்பெனி 1906 இல் இருபது ஆண்டுக் குத்தகை எடுத்து, அடுத்த ஆண்டுக்குப் பின் கண்டது வெறும் மணலைத்தான். நீரோட்டமும் சிப்பி தின்னும் மீன்களும் அதற்குக் காரணமென்பார் உண்டு, இருக்கலாம். பார்களை மேற்பார்வை செய்து, முதிராத சிப்பியைத் தொடாமல் ஆண்டுக்கணக்கில் காத்திருந்த பழைய ஒழுங்கில் ஒரு விவேகம் இருந்ததென்பதை மறுப்பதற்கில்லை.

இத்தனையும் சொன்னபின், பலருக்கும் கசக்கும் ஒன்றைச் சொல்லாமல் விடலாகாது. 1992 இல் நியூயோர்க்கில், நாளுக்கு 1,200 கலோரிக்கும் குறைவாகவே உண்டும் மெலியவில்லை என்று முறையிட்ட சிலரை நுட்பமான முறைகளால் அளந்து பார்த்தபோது, அவர்கள் உண்மையில் உண்டதில் ஏறக்குறையப் பாதி கணக்கில் வராமற் போயிருந்தது. சரீரத்தின் செலவிலோ குறையொன்றும் காணப்படவில்லை. அவர்கள் பொய்யர்களல்லர், மறதி மனித சுபாவம். நமது நோன்பு மாதத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்: பகலெல்லாம் பச்சைத்தண்ணீரும் படாத வாய்க்கு மஃரிபில் கஞ்சியும் பேரீச்சம்பழமும், கஞ்சியோடு கடித்துக்கொள்ளச் சமோசாவும் ரோல்சும், தராவீஹ் முடிந்து வந்து சீனி கூட்டிய பால் தேத்தண்ணியும், ஸஹருக்குச் சோறும் தயிரும் வாழைப்பழமும். பெருநாளன்று வட்டிலப்பத்தைத் தொடுமுன்பே நிறை கூடியிருக்கிறதென்றால் அதிசயமென்ன? இத்தகையவருக்கு உணவைக் கூட்டச் சொல்வது தீங்கு.

நெடுநாள் மெய்யாகவே குறைத்து உண்டு, குளிரும் சோர்வும் எரிச்சலும் கண்டு, நிறை பல கிழமைகளாக அசையாமல் நிற்கிறவருக்கே இந்த ஆலோசனை பொருந்தும். கூட்டுவதிலும் வரம்புண்டு: பகலில் ஒரு பிடி குத்தரிசிச் சோறு, ஒரு துண்டு பாரை மீன், இராவில் விட்டுப்போன பிட்டு என்ற அளவே அன்றிக் கலியாண வீட்டுச் சாப்பாடன்று. முதற் கிழமையில் நிறை ஒரு கிலோவோ இரண்டோ ஏறும். அது தசையில் மாச்சத்தோடு சேர்ந்து தங்கும் நீர். மச்சானைப் போல அதைக் கண்டு பதறி மறுபடி பட்டினி கிடக்கவேண்டாம். அவர் ராத்தாவின் வற்புறுத்தலால் இரண்டு கிழமையையும் ஒருவாறு ஒப்பேற்றினார். பின்பு முள் மெதுவாக இறங்கத் தொடங்கிற்று. அதற்குக் கூட்டி உண்டது காரணமா, அதன்பின் மனத்தெம்போடு ஒழுங்காகக் குறைத்தது காரணமா என்று கேட்டால், இரண்டாவதே என்பேன். சலரோகத்துக்கு மாத்திரையோ இன்சுலினோ பாவிப்பவர்கள் மட்டும், கூட்டுவதாயினும் குறைப்பதாயினும், தங்கள் கிளினிக் வைத்தியரைக் கேட்டே செய்யவேண்டும்.