ஊட்டியில் இறங்கிய முள்

ஞாயிறு, முண்டியம்பாக்கம்

மச்சான் சென்னையிலிருந்து வந்துவிட்டான். பழைய மெர்சிடிஸ், பின்னால் 'கம்ப்ரெஸ்ஸர்' என்று எழுதியிருக்கிறது. சூப்பர்சார்ஜர் வண்டி. தனியாக ஒரு பூஸ்ட் கேஜ் வேறு வாங்கி மாட்டியிருக்கிறான். மெடிக்கல் காலேஜ் தாண்டி மிதித்துக் காட்டினான். முள் 0.5 பாரில் நின்றது. "மலையில மத்த வண்டிதான் திணறும் மாமா. இது காத்தை அமுக்கிக் குடுத்துடும்."

நான் வாயைத் திறக்கவில்லை. கரும்பு ஆலையில் பாகு காய்ச்சும் பேன் ஓட்டியே ரிட்டயர் ஆனவன் நான். பேனில் காற்றை உறிஞ்சிவிட்டால் பாகு கருகாமல் 65 டிகிரி வாக்கிலேயே கொதிக்கும். அங்கே கேஜ் காட்டுவது உள்ளே இருக்கும் அழுத்தத்தை அல்ல, வெளிக்காற்றுக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தை. வெளிக்காற்றே மாறினால்?

திங்கள், ஊட்டி

விடியுமுன் கிளம்பி உளுந்தூர்பேட்டை, ஆத்தூர், சேலம். இ-பாஸ் நேற்றே எடுத்தாயிற்று. மேட்டுப்பாளையம் வரை முள் ஏறக்குறைய பழைய இடத்தில்தான். குன்னூரில் 0.4. ஊட்டி ஏற்றத்தில் அதற்கும் கீழே. டீசல் இன்னோவா ஒன்று எங்களைச் சாவகாசமாகத் தாண்டிப் போனது. மச்சான் முகத்தில் ஈயாடவில்லை. "பெல்ட் லூசா இருக்குமோ மாமா?"

செவ்வாய், ஊட்டி

காலை டீ சூடு போதவில்லை. இங்கே தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடுகிறதே! அதை வைத்தே ஆரம்பித்தேன்.

ஊட்டி 2,240 மீட்டர். காற்றழுத்தம் நம்மூரில் 1 பார் என்றால் இங்கே 0.77. சூப்பர்சார்ஜரை இன்ஜினே பெல்ட் வழியாகச் சுற்றுகிறது. வேகம் இன்ஜின் வேகத்தோடு கட்டுண்டது. அதனால் வருகிற காற்றை ஒன்றரை மடங்காக்கத்தான் அதற்குத் தெரியும். ஊரில் 1.5 பார், இங்கே 1.15 சொச்சம். அதில் வெளிக்காற்று 0.77 போக, கேஜுக்கு மிஞ்சுவது 0.38. சூப்பர்சார்ஜர் இல்லாத பெட்ரோல் வண்டி எத்தனை சதவீதம் இழக்கிறதோ, இதுவும் ஏறத்தாழ அத்தனையே இழக்கிறது. மலைக்குளிரில் காற்று கொஞ்சம் அடர்வது மட்டும் ஆறுதல்.

நேற்றுத் தாண்டிப் போன இன்னோவாவில் இருப்பது டர்போ. அதன் கதை வேறு. அதைச் சுற்றுவது புகை. வெளியே அழுத்தம் குறைந்தால் புகை இன்னும் வேகமாகப் பாயும், சக்கரம் கூடுதலாகச் சுழலும். சமதரையில் வேஸ்ட்கேட் வழியே வீணாகத் திறந்துவிடும் புகையையும் இங்கே சக்கரத்துக்கே கொடுக்கலாம். சக்கரத்தின் வேகத்துக்கு ஒரு எல்லை உண்டு, அதுவரை ஈடுகட்டும். 1918-இல் அமெரிக்காவில் சான்ஃபோர்ட் மாஸ், லிபர்ட்டி விமான இன்ஜினை 4,300 மீட்டர் உயர பைக்ஸ் பீக் உச்சிக்கே கொண்டுபோய் ஓட்டிப் பார்த்தார். தரையில் 350 குதிரைத்திறன், உச்சியில் 230. டர்போ மாட்டியதும் 356.

"அப்போ சின்ன புல்லி போட்டு வேகமாச் சுத்த வெச்சா?" நல்ல கேள்வி. இங்கே சரியாகும். ஆனால் முண்டியம்பாக்கத்து மே வெயிலில் அதே புல்லி அளவுக்கு மீறி அமுக்கும், இன்ஜின் நாக் அடிக்கும்.

தலையாட்டினான். பிறகு மெக்கானிக்கைத் தேடிப் போய்விட்டான், கடை பூட்டியிருந்ததாம்.

புதன், முண்டியம்பாக்கம்

இரவு திரும்பினோம். ஆலை தெரிகிற இடத்தில் மிதித்தான். முள் 0.5.

"பாத்தியா மாமா, பெல்ட் தானா சரியாயிடுச்சு."