ஜன்னலுக்கொரு வலை

பூனை வளர்க்க வீட்டு உரிமையாளரின் கையொப்பம் வேண்டும் என்று கேட்டதும் நம் தாயார் வாய்விட்டுச் சிரித்துவிட்டார்கள். கடையநல்லூரில் பிறந்து வளர்ந்தவர்கள் அவர்கள். அங்கே பூனையை யாரும் கேட்டு வாங்குவதில்லை. மீன் கழுவும் நேரத்தில் தானாகவே முற்றத்தில் வந்து நிற்கும்; நின்றதே அதற்கு உரிமையாகிவிடும்.

சிங்கப்பூரின் நிலை வேறு. பெரும்பாலோர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடிகளில் வாழும் இந்நாட்டில், அவ்வீடுகளில் பூனை வளர்க்க முப்பத்தைந்து ஆண்டுகள் தடை இருந்தது. (தடைக்கு அஞ்சாது வளர்த்தோரும் பலர்; அதைப் பின்னர் சொல்கிறோம்.) 2024 செப்டம்பர் 1 முதல், உரிமம் பெற்று, உடலில் அடையாளச் சில்லு பொருத்தி, வீட்டுக்கு இரண்டு பூனைகள் வரை வளர்க்கலாம் என்றாயிற்று. அரசே இசைந்தபின் தடுப்பார் யார் என்றெண்ணிப் பிராணிகள் காப்பகம் ஒன்றிற்குச் சென்றோம்.

அங்கிருந்த பெண்மணி இரண்டு கேட்டார். நாம் வாடகைக்கு இருப்பவர்களாதலால் உரிமையாளரின் இசைவு எழுத்தில் வேண்டும். ஜன்னல்கள் அனைத்திற்கும் வாசல் கிராதிக்கும் வலை வேண்டும். மேலைநாடுகளில் நாய் கேட்டு வருவோரிடம் தோட்டத்து வேலியின் உயரத்தை விசாரிக்கும் காப்பகங்கள் உண்டு. ஒன்பதாம் மாடியில் வேலி ஏது? ஜன்னல்தான் உண்டு. "வலையைப் படமெடுத்து அனுப்புங்கள், பிறகு நேரில் வந்து பார்ப்போம்" என்றார். பெண் கேட்டுப் போனவனிடம்கூட இவ்வளவு விசாரணை நடக்காது!

வீட்டு உரிமையாளரோ சீனப் பெரியவர். ஜன்னற் சட்டத்தில் ஒரு துளைகூட விழலாகாது, நாற்காலியைப் பூனை கீறினால் முன்பணத்தில் கழித்துக்கொள்வேன் என்று கூறி, ஒருவாறு கையொப்பமிட்டார்.

தாயாருக்கு வேறு மனக்குறை. "பூனையைக் கட்டிவைத்த பெண்ணின் கதியைக் கேட்டதில்லையா? வாயில்லாச் சீவனை வலைக்குள் அடைப்பதா?" என்றார்கள்.

நம்மால் உடனே விடை கூற இயலவில்லை. தடை இருந்த காலத்திலேயே நாம் ஒரு சாம்பல்நிறப் பூனையை மறைவாக வளர்த்தோம். மழை வந்த ஒரு மாலை, துணி எடுக்கத் திறந்த ஜன்னல் திறந்தபடியே கிடந்தது. திறந்தவர் நாமே. வெளியே புறா வந்து அமர்ந்திருக்க வேண்டும். கீழே புல்தரையில் கிடந்த அதன் மேல் நம் இளைய மகள் தன் பள்ளிச் சட்டையைப் போர்த்தினாள். அப்போது ஊரிலிருந்த தாயாரிடம், பூனை ஓடிப்போயிற்று என்றே தொலைபேசியில் சொல்லிவைத்தோம்.

அன்றிரவு உண்மையைச் சொன்னோம். நெடுநேரம் பேசாதிருந்தார்கள். பிறகு, "அவள் தானும் தீனி போடவில்லை, தேடித் தின்னவும் விடவில்லை. நாம் போடுவோமே" என்றார்கள்.

துளையிடாமல், பிளாஸ்டிக் நாடாக்களால் வலையைக் கிராதியோடு சேர்த்துக் கட்டினோம். கட்டி முடித்த பிறகு தாயார் ஒவ்வொரு ஜன்னலாகச் சென்று, முடிச்சுகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார்கள். சமையலறையில் இரண்டைத் திரும்பக் கட்டச் சொன்னார்கள்.