சுவரில் 212 என்று ஒரு கோடு

எங்க வீட்டு முன்சுவரில ஒரு பென்சில் கோடு இருக்கு. பக்கத்துல 212 என்று எழுதியிருக்கு. தம்பி பக்கத்து வீட்டு மேசன் பாஸ்கிட்ட டேப் வாங்கி அளந்து போட்டது. எமிரேட்ஸ் மாதிரி வளைகுடா எயார்லைன்ஸில கேபின் க்ரூ வேலைக்குப் போகணும் என்றால், குதிக்காலை உயர்த்தி நின்று 212 சென்ரிமீற்றர் எட்டணும். உயரம் குறைஞ்சது 160, வயது 21. அழகுக்காக வைச்ச அளவு இல்ல அது. தலைக்கு மேல இருக்கிற பெட்டிகளுக்குள்ள பாதுகாப்புச் சாமான்களும் இருக்கும். அவசரத்துக்குக் கதிரை தேடிக்கொண்டு நிற்க ஏலாது.

முதல் நாள் எனக்கு இரண்டு விரல் குறைஞ்சுது. ஒவ்வொரு நாளும் பல் தீட்டிட்டு வந்து எட்டிப் பார்ப்பேன். எப்படி நிற்கிறது, தோளை எப்படித் தூக்கிறது என்று பழகி, மூணாவது கிழமை நடுவிரல் நுனி கோட்டைத் தொட்டுது. அம்மா கைதட்டினாங்க. வேலையே கிடைச்ச மாதிரி அன்றைக்கு வீட்டுல பாயாசம்.

அந்தப் பாயாசத்தை நினைச்சா இப்ப சிரிப்பு வருது. ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுறேன்.

திகனயில இருந்து கட்டுநாயக்கவுக்கு நூறு கிலோமீற்றருக்கு மேல. கண்டியில ஓடுபாதை இல்ல. ஆனா எங்க ஊருக்குப் பக்கத்துல இருக்கிற விக்டோரியா நீர்த்தேக்கத்துக்கு, கடல்விமானம் இறங்கிற இடம் என்று, கே.டி.டபிள்யூ. என்ற மூன்றெழுத்து விமானக் குறியீடு இருக்கு. பொல்கொல்லைக்கு கே.டி.இசட். இது எனக்கே இருபது வயசிலதான் தெரிஞ்சுது. அவ்வளவுதான் எங்களுக்கும் விமானத்துறைக்கும் இருந்த தொடர்பு. எங்களுக்குத் தெரிஞ்ச வேலை இரண்டு: ஒன்று பிளேன் ஓட்டுறது, மற்றது பிளேன்ல சாப்பாடு குடுக்கிறது.

கண்ணைத் திறந்துவிட்டது பெரியப்பாட மகன். அண்ணா தோஹாவில சாமான் ஏற்றி இறக்கிற வேலை. ஒருநாள் ஃபோன்ல சொன்னார்: "தங்கச்சி, பிளேனுக்குள்ள வேலை செய்யிறவங்களை விட, பிளேனுக்குக் கீழயும் பக்கத்துலயும் வேலை செய்யிறவங்கதான் கூட. நீ மேலயே பார்த்துக்கொண்டிருக்காத."

பிறகு ஒவ்வொன்றாச் சொன்னார். ஒரு பிளேன் வந்து நின்று திரும்பப் போறதுக்கு ஒரு மணித்தியாலம் மட்டில இருக்கும். அதுக்குள்ள கைகாட்டி நிறுத்த ஒருத்தர், சில்லுக்குக் கட்டை வைக்க ஒருத்தர், எண்ணெய் அடிக்க, சாப்பாடு ஏற்ற, துப்புரவாக்க, எஞ்சினைப் பார்த்துக் கையெழுத்து வைக்க லைசன்ஸ் உள்ள பொறியியலாளர், வாசல்ல டிக்கெட் பார்க்க ஆட்கள். இதெல்லாத்துக்கும் பின்னால ஓர் அறையில இருந்து, எத்தனை பேர், எத்தனை கிலோ, எந்தப் பக்கம் எவ்வளவு பாரம் என்று கணக்குப் போட்டு லோட் ஷீட் செய்யிற ஒருத்தர். கணக்குப் பிழைச்சால் பிளேன்ட சமநிலையே பிழைக்கும். ஏ.எல்.ல வணிகக் கல்வி செய்து கணக்கு ஓரளவுக்கு வரும் எனக்கு, இப்படியொரு வேலை இருக்கு என்று யாருமே சொல்லித்தரல்ல.

அப்புறம் கோர்ஸ். டவுன்ல ஓர் இடத்துல "வேலை உறுதி" என்று பெரிய எழுத்தில பேனர். இரண்டு இலட்சத்துக்குக் கிட்டக் கட்டணம். அம்மாட வளையல் அடகுக்குப் போச்சு. படிப்பித்தது பிழையில்ல, ஆனா அந்த "உறுதி" கடைசிவரைக்கும் பேனர்லயேதான் இருந்துச்சு. காசு கட்ட முதல் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்விகளை இப்ப கேட்கிறேன், நீங்க எழுதிவைச்சுக்கொள்ளுங்க. இந்த நிறுவனம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில பதிவா? தருகிற சான்றிதழ் ஐயாட்டாவினதா, இல்ல தாங்களே அச்சடிக்கிறதா? போன வருஷம் படிச்சவங்க இரண்டு பேரோட ஃபோன்ல கதைக்கலாமா? மூணாவது கேள்விக்கு மழுப்பினாங்க என்றால் எழும்பி வாங்க.

கோர்ஸ்ல நான் உண்மையாப் படிச்சது என்ட பெயரை. அமடியஸ் என்ற டிக்கெட் சிஸ்டத்துல ஆளைப் பதியிறதுக்கு என்.எம். என்று தொடங்கி, குடும்பப் பெயர், ஒரு சாய்வுக்கோடு, பிறகு சொந்தப் பெயர். கடவுச்சீட்டில உள்ளபடியே இருக்கணும். டிக்கெட் அடிச்ச பிறகு ஓர் எழுத்தைத் திருத்துறதும் லேசில்ல. பயிற்சிக்கு அவரவர் பெயரைப் போடச் சொன்னாங்க. என்ட ஓ.எல். சான்றிதழையும் அடையாள அட்டையையும் பக்கத்துல வைச்சுப் பார்த்தால், ஒன்றில ஒரு 'எச்' கூட. பிறப்புச் சான்றிதழ்ட ஆங்கில மொழிபெயர்ப்பில இன்னொரு மாதிரி. விமானக்காரங்க எழுத்தைச் சொல்லிற முறையில அல்பா, பிராவோ, சார்லி என்று போய் 'எச்'சுக்கு ஹோட்டல். "உங்கட ஹோட்டல் எங்க, பிள்ளை?" என்று டீச்சர் கேட்க வகுப்பே சிரிச்சுது. நானும் சிரிச்சேன். ஆனா சத்தியக் கடதாசி, கிராம அலுவலர், கச்சேரி என்று அந்த ஒரு ஹோட்டலைத் தேடி இரண்டு மாசம் அலைஞ்சேன். எங்கட பெயர்கள் தமிழ்ல இருந்து சிங்களம், சிங்களத்துல இருந்து ஆங்கிலம் என்று கைமாறி வந்தது. வேலை தேட முதல் உங்கட கடதாசி எல்லாத்தையும் ஒரு மேசையில பரப்பி, எழுத்துக்கு எழுத்துப் பாருங்க.

ஆங்கிலமும் அப்படித்தான். 1977இல் தெனெரிஃப் ஓடுபாதையில இரண்டு ஜம்போ பிளேன் மோதி 583 பேர் செத்தாங்க. வானொலியில சொன்னதை ஒருத்தர் ஒரு மாதிரியும் மற்றவர் வேறு மாதிரியும் விளங்கிக்கொண்டதும் அதுக்கு ஒரு காரணம். இன்றைக்கு சர்வதேச விமானிகளுக்கும் விமானக் கட்டுப்பாட்டாளர்களுக்கும் ஆங்கிலத்துல ஆறு நிலை வைச்சிருக்காங்க; குறைஞ்சது நாலாம் நிலை வேணும். அதுல கேட்கிறது ஸ்டைல் இல்ல, தெளிவு. விளங்கல்ல என்றால் "விளங்கல்ல, திரும்பச் சொல்லுங்க" என்று கேட்கிற தைரியம். தமிழ் மீடியத்துல படிச்ச நாங்க பிழைவிடப் பயந்து வாயை மூடுறம். இந்தத் துறையில ஆபத்தானது அந்த மௌனம்தான்.

கடைசியா கொழும்பில ஓர் ஓப்பன் டே. எந்த எயார்லைன்ஸ் என்று சொல்லல்ல. இராத்திரி பஸ் எடுத்து, விடியக் காலையில ஒரு பெற்றோல் ஷெட் டொய்லட்ல உடுப்பு மாற்றி, தலையை வாரிக் கட்டிக்கொண்டு போய் வரிசையில நின்றேன். கை எட்டும் என்ற நம்பிக்கை. என்ட முறை வர, அந்தப் பெண் சீவியை வாங்கி, சிரிச்சு, ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க: "உங்க ஊரைப் பற்றிச் சொல்லுங்க."

"நல்ல ஊர்," என்றேன். அதோட நின்றுபோச்சு.

பின்னேரம் கோல் வரும் என்றாங்க. வரல்ல. என்ட கையை அளக்கவே இல்ல. மூணு கிழமை நான் தயாரானது சுவருக்கு. ஒரு மனுஷியோட கதைக்கத் தயாராகல்ல.

வீட்டுக்கு வந்து அந்தக் கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டுப் பார்த்தேன். திகன என்றால் வெளியில இருக்கிறவங்களுக்கு ஒன்றுதான் ஞாபகம்: 2018 மார்ச். கடைகளும் வீடுகளும் பள்ளிவாசலும் எரிஞ்ச கிழமை. ஊரடங்கு, அவசரகால நிலை, ஃபேஸ்புக்கும் வட்ஸ்அப்பும் முடக்கம். நான் அப்ப பத்தாம் ஆண்டு. எங்க வீட்டுக்கு ஒன்றும் ஆகல்ல. ஆனா கடை எரிஞ்ச பக்கத்துத் தெரு மாமி ஒருத்தங்களுக்குச் சிங்களம் எழுத வராது. நட்டஈட்டு விண்ணப்பம் நிரப்ப நான்தான் போனேன். அவங்க அழுதுகொண்டு தமிழ்ல சொல்ல, நான் அதிகாரிக்குச் சிங்களத்துல சொல்லி, அவர் கேட்டதைத் திரும்பத் தமிழ்ல சொல்லி, எத்தனை அரிசி மூட்டை, எத்தனை பிஸ்கட் பெட்டி என்று எழுதினேன். இடையில அதிகாரிக்குப் பொறுமை போச்சு. மாமிக்குக் கோபம் வந்துச்சு. இரண்டு பேரையும் நான்தான் சமாளிச்சேன்.

போன மாசம் பயணிகள் சேவைப் பயிலுநர் வேலை ஒன்றுக்கு நேர்முகம். "கோபமா இருக்கிற ஒருத்தரை எப்படிக் கையாளுவீங்க?" என்று கேட்டாங்க. புத்தகப் பதில் பாடமாக்கி வைச்சிருந்தேன். அதை விட்டுட்டு மாமிட விண்ணப்பத்தைச் சொன்னேன். ஆங்கிலம் இரண்டு இடத்துல தடக்கிச்சு. "மன்னிக்கணும், திரும்பச் சொல்றேன்" என்று திருத்திச் சொன்னேன். ஒருத்தர் பேனையைக் கீழ வைச்சிட்டுக் கேட்டார்.

அம்மாவுக்கு இன்னும் பயம். "கொரோனா மாதிரி ஒன்று வந்து எயார்போர்ட்டை மூடினா?" என்று கேட்கிறாங்க. நியாயமான கேள்வி. 2020இல் மூடின கட்டுநாயக்க, சுற்றுலாப் பயணிகளுக்குத் திறந்தது 2021 ஜனவரியில. உலகத்துல ஒன்று நடந்தால் முதல்ல அடி விழுகிற துறை இது. அதனாலதான் கூடவே கணக்கியல் படிப்பையும் விடாமல் வைச்சிருக்கேன்.

இன்னொன்றும் சொல்லணும். வெளிநாட்டு எயார்போர்ட் வேலை என்று சொல்லி ஓஃபர் லெட்டருக்கு முன்காசு கேட்கிற ஆட்கள் எங்க பக்கமும் வாறாங்க. ஒழுங்கான எயார்லைன்ஸ் ஆள் எடுக்கக் காசு வாங்காது. முகவர் என்று யாரும் வந்தால், வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்துல அனுமதிப்பத்திரம் இருக்கா என்று முதல்ல விசாரியுங்க.

நேர்முகம் வைச்ச இடத்துல இருந்து நேற்று மின்னஞ்சல் வந்துச்சு. வேலை என்று இன்னும் சொல்லல்ல. பொலிஸ் நற்சான்றிதழ் எடுத்து வைக்கச் சொல்லியிருக்காங்க. விண்ணப்பத்துல என்ட பெயரை எழுதும்போது ஹோட்டல் சரியான இடத்துல இருக்கா என்று இரண்டு தரம் பார்த்தேன். வளையல் இன்னும் அடகிலதான் இருக்கு.