“என்ன மருந்து?” என்று கேட்டார் டொக்டர்

எங்கள் வீட்டுக்குக் கறையான் வந்த கதையைச் சொல்வதென்றால், அந்த வீடு வந்த கதையையும் சொல்ல வேண்டும்.

2009ஆம் ஆண்டு தை மாதம் தருமபுரத்தை விட்டு வெளிக்கிட்டோம். பிறகு செட்டிகுளம் முகாம். 2010இல் சொந்தக் காணிக்குத் திரும்பியபோது என்னோடு வந்தது மகள் மட்டும்தான். கணவர் ஷெல் பட்டு இறந்துவிட்டார். மூத்த மகன் எங்கே என்று இன்றைக்கும் தெரியாது. மூன்று வருடம் தறப்பாளுக்குக் கீழே இருந்தோம். 2013இல் இந்திய வீட்டுத்திட்டத்தில் ஐந்தரை இலட்சம் ரூபா பகுதி பகுதியாகக் கிடைத்தது. கல், சீமெந்து, ஓடு, மேசன் கூலி எல்லாம் அதற்குள்தான் பார்க்க வேண்டும். நல்ல வைரம் பாய்ந்த பனை வாங்கக் காசு காணாது. கிடைத்த இளமரத்தில் கதவு நிலையும் கூரைச் சிலாகையும் போட்டோம். நிலத்துக்குச் சீமெந்து போட முதல் மண்ணுக்குக் கறையான் மருந்து விடுவது நல்லது என்று அப்போது எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.

2017ஆம் ஆண்டு, மாரி முடிந்த கையோடு, அறை கூட்டும்போது சுவரில் ஒரு மண் கோடு கண்டேன். சுண்டுவிரல் மொத்தத்தில் நிலத்திலிருந்து ஏறி றங்குப்பெட்டிக்குப் பின்னால் போயிருந்தது. பெட்டியின் அடி கறல் பிடித்து ஓட்டை விழுந்திருந்தது. திறந்தேன். கை வைத்த இடமெல்லாம் மண்.

அதற்குள்தான் மகனின் பிறப்புச் சான்றிதழ், பள்ளிக்கூட ரிப்போர்ட், அவனைக் காணவில்லை என்று நான் கொடுத்த முறைப்பாடுகளின் பிரதிகள், ஒரேயொரு போட்டோ எல்லாம் இருந்தன. பங்கருக்குள்ளும் கடல் தண்ணிக்குள்ளும் நனையாமல் ஷொப்பிங் பையில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக் கொண்டு வந்த கடதாசிகள். அத்தனை குண்டுக்கும் தப்பினவற்றை என் சொந்த வீட்டில் கறையான் தின்றுவிட்டது. போட்டோவில் நெற்றியும் ஒரு கண்ணும் மட்டும் மிச்சம்.

அன்றிரவு நான் நித்திரை கொள்ளவில்லை. மனம் குழம்பியிருக்கும் நேரம் எடுக்கும் முடிவு சரியாக இருக்காது என்பது பிறகுதான் விளங்கியது.

இரண்டு நாள் கழித்து மோட்டார் சைக்கிளில் ஒருவர் வந்தார். பக்கத்து ஒழுங்கையில் மருந்தடித்தவராம். கதவு நிலையைத் தட்டிப் பார்த்தார்.

“அக்கா, உள்ளுக்கெல்லாம் கோறை. இப்பிடியே விட்டா ஓடும் சேர்ந்து விழும்.”

“எவ்வளவு தம்பி முடியும்?”

“யாழ்ப்பாணத்திலயிருந்து கொம்பனி வந்தா இருபதுக்கு மேல கேப்பாங்கள். நான் ஒன்பதாயிரத்துக்குச் செய்து தாறன்.”

ஒரு கடதாசியையும் காட்டினார். முத்திரை குத்தியிருந்தது. நான் வாசிக்கவில்லை. முத்திரையைக் கண்டதும் போதும் என்று நினைத்துவிட்டேன். எங்கள் மாதர் சங்கத்தில் கடன் எடுத்து ஒன்பதாயிரத்தையும் கொடுத்தேன்.

அவர் கையுறை போடவில்லை, முகம் மூடவில்லை. எங்கள் குடத்திலேயே கலந்து சுவரோரம் முழுக்க விசிறினார். வீடு முழுக்க நாற்றம். பற்றுச்சீட்டுத் தரவில்லை. போகும்போது மிஞ்சினதை ஒரு சோடாப் போத்தலில் ஊற்றி, “திரும்பக் கண்டா நீங்களே ஊத்துங்கோ அக்கா” என்று தந்துவிட்டுப் போனார். நான் அதைக் குசினி யன்னல் கட்டில் வைத்தேன். அந்தப் பிழை என்னுடையது.

ஐந்தாம் நாள் பின்னேரம் பேத்தி அந்தப் போத்தலை எடுத்துவிட்டாள். அப்போது அவளுக்கு மூன்றரை வயது. ஒரு வாய் குடித்துவிட்டு இருமிய சத்தம் கேட்டு ஓடினேன். பக்கத்து வீட்டுத் தம்பியின் ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம்.

டொக்டர் கேட்ட முதற்கேள்வி: “என்ன மருந்து?”

“கறையான் மருந்து, ஐயா.”

“அது தெரியுது அம்மா. பேர் என்ன?”

எனக்குத் தெரியாது. போத்தலில் சோடாக் கொம்பனியின் பெயர்தான் இருந்தது. அடித்தவருக்குப் போன் எடுத்தால் வேலை செய்யவில்லை. பிள்ளையின் வாயால் எச்சில் வடிந்ததையும், கண்மணி ஊசிமுனை போல் சிறுத்திருந்ததையும் பார்த்து, இன்ன வகை நஞ்சாக இருக்கும் என்று கணித்து ஊசி ஏற்றினார்கள். கொழும்பு தேசிய வைத்தியசாலையில் நஞ்சுகள் பற்றிய தகவல் நிலையம் ஒன்று இருக்கிறது என்றும், அங்கே கேட்பதென்றாலும் முதலில் மருந்தின் பெயர் தெரிய வேண்டும் என்றும் தாதி ஒருவர் சொன்னார். இரண்டு இரவு கட்டில் காலடியில் இருந்தேன். மூன்றாம் நாள் காலை பேத்தி கண் விழித்து, “அம்மம்மா, பால்” என்று கேட்டாள். அதற்குப் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

வீட்டுக்கு வந்த கிழமையே கமநல சேவை நிலையத்துக்குப் போனேன். அங்கிருந்த விவசாயப் போதனாசிரியர் ஒரு பெண். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டுப் பொறுமையாக விளங்கப்படுத்தினார். எங்கள் நாட்டில் 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க பீடைகொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. விவசாயத் திணைக்களத்தின் கீழ் பீடைகொல்லிப் பதிவாளர் இருக்கிறார். அவரிடம் பதியாத மருந்தை விற்கக் கூடாது. பதிந்த மருந்தின் லேபலில் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் விபரம் இருக்கும். எவ்வளவு நஞ்சு என்பதை நிறப்பட்டி காட்டும்.

அந்த மனிதர் காட்டிய கடதாசியைப் பற்றியும் சொன்னேன். “அது பெரும்பாலும் பிரதேச செயலகத்தில எடுத்த வியாபாரப் பெயர்ப் பதிவா இருக்கும், அக்கா. கடை வைக்கிறவையும் அதுதான் எடுக்கிறவை. பெயரைப் பதியிறது வேற, நஞ்சைக் கையாள அனுமதி எடுக்கிறது வேற” என்றார். முத்திரை என்றால் எல்லாம் ஒன்றுதான் என்று நினைத்திருந்த எனக்கு அன்றுதான் கண் திறந்தது.

எங்கள் ஒழுங்கை ஐயா ஒருவர், “முந்தி டில்றின் அடிச்சா வருசக்கணக்கில கறையான் எட்டியும் பாக்காது” என்று சொல்வார். அதையும் கேட்டேன். அழியாமல் மண்ணில் கிடப்பதுதான் அதன் ஆபத்து என்றார் போதனாசிரியர். மண்ணிலிருந்து உணவுக்கும், உடம்பின் கொழுப்புக்கும், தாய்ப்பாலுக்கும் போய்ச் சேரும். அதனால்தான் 2001ஆம் ஆண்டு ஸ்டொக்ஹோம் உடன்படிக்கையில் டில்றினையும் குளோடேனையும் சேர்த்து உலகமே விலக்கியது.

ஆனால் கறையான் என் வீட்டை விட்டுப் போகவில்லை. மேலே விசிறினால் கண்ணில் படுவது மட்டும்தான் சாகும். புற்று மண்ணுக்குள் இருக்கும். யாழ்ப்பாணத்துக் கொம்பனி ஒன்றை விசாரித்தோம். எனக்கு மட்டுமென்றால் இருபத்துநாலாயிரம், அதில் ஒரு பங்கு வாகனச் செலவு. சங்கக் கூட்டத்தில் கதைத்தபோது இன்னும் ஐந்து வீட்டிலும் கறையான் என்று தெரிந்தது. ஆறு வீட்டையும் ஒரே நாளில் செய்யக் கேட்டோம். வீட்டுக்குப் பதினாறாயிரத்து ஐந்நூறுக்கு இறங்கி வந்தார்கள். இரண்டு தவணையில் கட்டினோம்.

இந்த முறை வாசலிலேயே நிறுத்திக் கேட்டேன். பதிவாளர் அலுவலகத்தில் எடுத்த சான்றிதழைக் காட்டினார்கள். மருந்து லேபலோடு வந்தது. சுவரோரம் அடிக்கொரு துளை போட்டு, மருந்தை மண்ணுக்குள் இறக்கி, துளையைச் சீமெந்தால் அடைத்தார்கள். கிணற்றுப் பக்கம் மருந்து விட மறுத்து, அந்தப் பக்கம் நிலையை மட்டும் மாற்றச் சொன்னார்கள். சுவரோடு அடுக்கியிருந்த விறகை எடுப்பித்தார்கள், குளிக்கும் தண்ணி சுவரடியில் தேங்காமல் வாய்க்கால் வெட்டச் சொன்னார்கள். ஈரமும் விறகும்தான் கறையானுக்கு அழைப்பாம். மிஞ்சிய மருந்தை அவர்களே கொண்டு போனார்கள். மருந்தின் பெயர் எழுதிய பற்றுச்சீட்டு இன்றும் என்னிடம் இருக்கிறது.

கணக்குப் பார்த்தால் மலிவு என்று நினைத்த ஒன்பதாயிரமும் போய், ஓட்டோக் காசும் போய், பிறகு பதினாறாயிரத்து ஐந்நூறும் போனது. பிள்ளை மிஞ்சியது கடவுள் புண்ணியம்.

சகோதரிகளே, ஒன்றை யோசித்துப் பாருங்கள். முகாமிலும் அலுவலகங்களிலும் எத்தனை பேர் கேட்ட எத்தனை கேள்விக்கு நாங்கள் பதில் சொல்லியிருப்போம்! ஆனால் எங்கள் வீட்டு வாசலில் நிற்கிற ஒருவரிடம் ஒரு கேள்வி கேட்கக் கூச்சப்படுகிறோம். ஆம்பிளை இல்லாத வீடு, அதிகம் கதைத்தால் என்ன நினைப்பாரோ என்று பயம். நானும் அப்படித்தான் இருந்தேன். இனிக் கேளுங்கள். மருந்தின் பெயர் என்ன? லேபல் எங்கே? இந்த வேலைக்கு அனுமதி எங்கே? பற்றுச்சீட்டுத் தருவீரா? பதில் சொல்ல முடியாதவருக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

மருந்தை ஒருபோதும் தண்ணிப் போத்தலிலோ சோடாப் போத்தலிலோ வைக்காதீர்கள். யாராவது குடித்துவிட்டால் சத்தி எடுக்கப் பண்ணாமல், 1990 இலக்கத்துக்கு அடித்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். போத்தலையும் லேபலையும் கையோடு கொண்டு போங்கள். இப்போது வீடு கட்டுகிறவர்கள் நிலம் போட முதலே மண்ணுக்கு மருந்து விடுங்கள். செலவு குறைவு. முக்கியமான கடதாசிகளைப் பிரதி எடுத்து, நிலத்தில் முட்டாத இடத்தில் வையுங்கள்.

மகனின் பிறப்புச் சான்றிதழுக்குப் பிரதேச செயலகத்தில் பிரதி எடுத்துவிட்டேன். அவனுடைய வகுப்பு ரீச்சரிடம் ஒரு குறூப் போட்டோ இருந்தது. அதிலிருந்து அவன் முகத்தை மட்டும் பெருப்பித்து, கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறேன். கிழமைக்கு ஒரு தரம் கழற்றித் துடைத்து, பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் திரும்ப மாட்டுவேன்.