கப்பலில் ஏறினால் புரியும் நாவல்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள துறைமுக நகரம் நியூ பெட்ஃபோர்டு. அங்கே ஒரு சிறு மேட்டின் மேல் மாலுமிகளுக்கான தேவாலயம். 1832-ல் திறக்கப்பட்டது. சுவர்களில் கடலில் மாண்டவர்களின் நினைவாகப் பளிங்குப் பலகைகள். ஹெர்மன் மெல்வில் 1851-ல் எழுதிய 'மோபி டிக்' நாவலில் வரும் தேவாலயம் இதுதான். நாவலில் உள்ளபடியே கப்பல் முகப்பு வடிவில் பிரசங்க மேடையும் உண்டு. ஆனால் மெல்வில் காலத்தில் அந்த மேடை கிடையாது. அது அவரது கற்பனை. 1956-ல் வந்த சினிமாவைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் எல்லாம் மேடை எங்கே என்று கேட்டதால், 1961-ல் செய்து வைத்துவிட்டார்கள்.

எது சரித்திரம், எது கதை? பாடம் நடத்துபவருக்கு இது தெரிந்தாக வேண்டும். தேவாலயத்துக்கு எதிரே இருக்கும் திமிங்கில வேட்டை அருங்காட்சியகத்தில் 2018 கோடையில் பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடந்தது. நாவலையும் வேட்டையின் வரலாற்றையும் சேர்த்துப் படிக்கும் பயிற்சி.

மாணவர்கள் தாண்டிப் போகும் பக்கங்கள் இந்த நாவலில் ஏராளம். கயிறு, ஈட்டி, கொழுப்பு, அடுப்பு என்று நீளும் விவரங்கள். அருங்காட்சியகத்தில் 'லகோடா' கப்பலின் பாதி அளவு மாதிரி நிற்கிறது. ஏறிப் பார்க்கலாம். வேட்டைக் கப்பலின் மரத் தளத்திலேயே செங்கல் அடுப்பு! கொழுப்பைக் காய்ச்சி எண்ணெய் எடுத்து, மிஞ்சிய சக்கையையே விறகாக எரித்தார்கள். கப்பல் என்பது மிதக்கும் தொழிற்சாலை என்று புரிந்துவிட்டால் அந்தப் பக்கங்கள் அலுக்காது.

அடுத்தது கூலி. மாதச் சம்பளம் கிடையாது, வருமானத்தில் பங்குதான். நாவலில் கதை சொல்லும் இஷ்மாயிலுக்கு 300-ல் ஒரு பங்கு. 1841 ஜனவரியில் எதிர்க்கரையான ஃபேர்ஹேவனிலிருந்து 'அகுஷ்நெட்' கப்பலில் புறப்பட்ட மெல்விலுக்கு 175-ல் ஒரு பங்கு. ஒன்றரை வருடத்தில் அவர் பசிபிக் தீவு ஒன்றில் கப்பலை விட்டு ஓடிவிட்டார். பங்கைக் கணக்குப் போட்டுப் பார்க்கும் வகுப்புக்குக் கப்பல் முதலாளிகளைப் பற்றி வேறு விளக்கம் தேவையில்லை.

நாவலின் கப்பலில் பல இனத்தவரும் ஒன்றாக வேலை செய்கிறார்கள். கரையில் நிலைமை வேறு. அடிமைத்தளையிலிருந்து தப்பிய ஃப்ரெடரிக் டக்ளஸ் 1838-ல் இந்த ஊருக்குத்தான் வந்தார். கப்பல் பலகைகளின் இடுக்கை அடைக்கும் தொழில் தெரிந்தவர். கறுப்பரோடு வேலை செய்ய வெள்ளைத் தொழிலாளர்கள் மறுத்ததால், கிடைத்த கூலி வேலைகளைச் செய்தே பிழைத்தார். நாவலோடு இதையும் சேர்த்துச் சொல்லும் ஆசிரியர், மெல்வில் கண்ட கனவு எவ்வளவு துணிச்சலானது என்பதை மாணவருக்கு உணர்த்திவிடுவார்.