கண்ணிடைத் தூரம்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் தூண் தேடி வருவார்கள், இல்லையென்றால் கதவு. நான் அம்மா கேட்ட மரவை ஒன்றைத் தேடிப் போயிருந்தேன். எனாமல் தூக்குவாளிகளுக்குப் பின்னால், வார் அறுந்த தோலுறையில் அந்தப் பைனாகுலர் கிடந்தது. துப்பட்டா நுனியால் அழுக்கைத் துடைத்தேன். 8x30. கார்ல் சைஸ், யேனா. கூடவே டி.டி.ஆர். என்ற மூன்று எழுத்து. கிழக்கு ஜெர்மனி. 1990இல் அந்த நாடே இல்லாமல் போயிற்று. அதன் கண்ணாடி மட்டும் செட்டிநாட்டுத் தூசிக்குள் உட்கார்ந்திருக்கிறது.

"பிள்ளைக்காம்மா?" என்றார் கடைக்காரர்.

"எனக்குத்தான்."

"உங்களுக்கு எதுக்கு?"

பறவை பார்க்க என்றதும் சிரித்துவிட்டு 2,500 சொன்னார். இடது குழலுக்குள் சிலந்தி வலைபோலப் பூஞ்சை படர்ந்திருந்ததைக் காட்டினேன், அறுந்த வாரையும் காட்டினேன். பெயரைப் பற்றி வாயே திறக்கவில்லை. 1,400க்குத் தந்தார். நல்ல புதுப் பைனாகுலர் பத்தாயிரத்துக்கு மேல். பெண்களுக்கு இதெல்லாம் தெரியாது என்ற நம்பிக்கை என் வாழ்க்கையில் எனக்கு லாபம் தந்தது அன்று ஒருநாள்தான்.

பைனாகுலரின் நடுக் கீலில் ஒரு சிறு அளவுகோல் உண்டு. இரண்டு கண்மணிகளுக்கும் இடையே உள்ள தூரத்தை மில்லிமீட்டரில் சொல்வது. இதில் முள் 66இல் இறுகி நின்றது. உள்ளே கிரீஸ் காய்ந்து கல்லாகியிருந்தது. மூக்குக்கண்ணாடிக் கடையில் எழுதிக்கொடுத்த என் அளவு 58. சராசரியாகவே பெண்களுக்கு ஆண்களைவிட ஓரிரு மில்லிமீட்டர் குறைவு. குழல்கள் நம் கண்ணைவிட அகலமாக நின்றால் காட்சியின் ஓரத்தில் கறுப்புப் பிறை விழும், இரண்டு வட்டமும் ஒன்று சேராது. 66 யாரோ ஒரு ஆணின் அளவு என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். மதுரையில் கேமரா பழுது பார்க்கும் ஒருவர் பூஞ்சையைத் துடைத்து, கிரீஸை மாற்றி, 600 ரூபாய் வாங்கினார். கீல் அசைந்தது.

பள்ளி நாட்களில் மொட்டை மாடிக்குப் போனால் கீழேயிருந்து குரல் வரும்: "அங்க என்ன வேடிக்கை?" அண்ணன் அதே மாடியில் இருட்டும்வரை பட்டம் விடுவான். வேடிக்கை பார்ப்பது என்பதே எங்கள் வீட்டில் பெண்பிள்ளை செய்யக்கூடாத காரியம். ஜமால் ஆரா பறவை பார்ப்பதைப் பற்றி எழுதிய நூலை நேஷனல் புக் டிரஸ்ட் 1970இலேயே வெளியிட்டிருக்கிறது. அது என் கைக்கு வந்தபோது எனக்கு நாற்பது வயது.

பைனாகுலரை நான் அனுபவித்தது இரண்டு வாரம். பிறகு அம்மா எடுத்துக்கொண்டார். 71 வயது, இரண்டு கண்ணிலும் புரை எடுத்தாயிற்று. மாலையானால் மாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். முதலில் கிளி, பிறகு நிலா. பிறகு தெரு.

பத்தே நாளில் கோயம்புத்தூரிலிருந்து அண்ணனின் போன். "அம்மாவுக்கு இந்த வயசுல எதுக்கு இது? எதிர்வீட்டுக்காரர் எங்கிட்ட வருத்தப்படுறார்." எதிர்வீட்டுக்காரர் தினமும் என்னைப் பார்க்கிறவர். புகாரை மட்டும் இருநூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஆணிடம் சொல்லியிருக்கிறார். அதற்காக அண்ணனிடம் சண்டை போட்டேன். போனை வைத்துவிட்டு மாடிக்குப் போய், "அந்தப் பக்கம் திருப்பாதேம்மா" என்றேன். ஏறக்குறைய அதே பழைய குரல். என் வாயிலிருந்து வந்தது.

அம்மா பைனாகுலரை இறக்கவில்லை. "அவங்க அப்பா முப்பது வருஷம் திண்ணையில உக்காந்து போற வர்ற பொம்பளைகளை எல்லாம் பாத்தாரே, அவர்ட்ட யாரு போய்ச் சொன்னா?"

என்னிடம் பதில் இல்லை. அடுத்தவர் ஜன்னலுக்குள் பார்ப்பது தப்பு என்று இப்போதும் நினைக்கிறேன். அதை அம்மாவிடம் சொல்ல எனக்கு என்ன தகுதி என்பதுதான் தெரியவில்லை.

ஜனவரியில் வேட்டங்குடிக்குக் கூட்டிப் போனேன். பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர்க்காரர்களின் கண்மாய். நத்தைகுத்தி நாரைகள் மரம் மரமாக அடைந்திருந்தன. அம்மா கரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தார். இரண்டு மணி நேரம் பேச்சே இல்லை. சேலை விலகியதைக்கூடச் சரிசெய்யவில்லை. பாலத்தில் நின்ற இளைஞர்கள் திரும்பிப் பார்த்ததும் அவருக்குத் தெரியாது.

நடுவில் ஒருமுறை, "அலகு மூடவே மாட்டேங்குது, நடுவுல இடைவெளி" என்றார். நத்தைகுத்தியின் அலகு அப்படித்தான். நான் சொல்லிக்கொடுக்கவில்லை, அவராகவே பார்த்தது.

"குடும்மா, நானும் பாக்கறேன்" என்று வாங்கிக் கண்ணில் வைத்தேன். இரண்டு ஓரமும் மறைத்தது. கீலைப் பார்த்தேன், முள் 56இல் இருந்தது. அம்மாவின் அளவு. 58க்கு விரித்து ஒரு நிமிடம் பார்த்திருப்பேன், அதற்குள் கை நீட்டிவிட்டார்.