யார் பெத்த பிள்ளை இது?

விதுராவுல காலையிலேர்ந்து மழை. பொன்முடி மலை இருக்கிற திசையே தெரியல.

நான் ஒரே ஒரு கோடு ஃபைலோட பூர்வீகத்தைத் தேடிக்கிட்டு உக்காந்திருக்கேன்.

அது போடுற வட்டிக் கணக்குல ஒரு ரூபாய் இடிக்குது. ஃபைலை யார் எப்ப மாத்தினாங்கன்னு காட்டுற 'கிட் லாக்' போட்டா, முதல் கமிட்டே டீம்ல இருக்கிற தம்பி பேர்ல.

"ஏம்ப்பா, தூங்கிக்கிட்டே எழுதினியா?"ன்னு டைப் பண்ணிட்டேன்.
அனுப்பறதுக்குள்ள கரண்ட் போச்சு. கூடவே வைஃபையும். புண்ணியம்.

திரும்பி வந்ததும் '--ஃபாலோ' சேர்த்துப் பார்த்தேன். பாவம், அவன் ஃபைல் பேரைத்தான் மாத்தியிருக்கான்!

(பேர் மாத்தினதை கிட் குறிச்சே வைக்காது. பழசும் புதுசும் பாதிக்குப் பாதியாவது ஒத்துப்போனா, 'அதே ஆளுதான்'னு அதுவா யூகிக்கும். நம்ம ஊர்ல ஜாடை பார்த்துச் சொல்ற மாதிரி.)

பழைய பேருக்குக் கீழ 14 கமிட். அடியில, 2019.
சாட்சாத் நானேதான்.
குறிப்பு வேற: "இப்போதைக்கு இது போதும். நாளைக்கு சரி பண்றேன்."

2005-ல கிட்டை எழுதின லினஸ் டோர்வால்ட்ஸ், தன் பேரையே அதுக்கு வச்சதா கிண்டலடிச்சாரு. பிரிட்டிஷ்காரங்க பேச்சுல 'கிட்'ங்கிறது உதவாக்கரைன்னு திட்டுற வார்த்தை.

தம்பிக்கு டைப் பண்ணினதை அழிச்சாச்சு.

அது சரி, அந்த "நாளைக்கு" எப்பங்க வரும்?